அந்த நோட்டுப் புத்தகத்தையும் கேட்டு வாங்குங்கள்: வளிமண்டல ஆய்வாளர்களைத் தேர்ந்தெடுப்போருக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய தேர்வுக் குழு உறுப்பினர்களுக்கும், ஆய்வு நிதி ஒதுக்கும் குழுக்களில் அமர்ந்திருப்பவர்களுக்கும்,

வணக்கம்.

உங்கள் மேஜையின் இரண்டு பக்கமும் உட்கார்ந்து பழகியவர் எழுதும் மடல் இது. இயற்பியல் படித்து, வளிமண்டல அறிவியலில் முனைவர் பட்டம் வாங்கி, இரண்டு ஒப்பந்தப் பணிகளைத் தாண்டி, இன்று மாணவர்களுக்கு நெறியாளராக இருக்கிறேன். தேர்வுக் குழுக்களில் நானும் இருந்திருக்கிறேன். விண்ணப்பதாரரின் கட்டுரைகளை எண்ணி மதிப்பெண் போட்டிருக்கிறேன். அதனால் இங்கே நான் வைக்கும் குறையில் எனக்கும் பங்கு உண்டு என்பதை முதலிலேயே ஒப்புக்கொள்கிறேன்.

சில மாதங்களுக்கு முன் என் மாணவி ஒருத்தி ஒரு நேர்காணலுக்குப் போய் வந்தாள். அவளுடைய முனைவர் ஆய்வுக்கு ஐந்தரை ஆண்டுகள் ஆயின. அதில் இரண்டு ஆண்டுகளுக்கு மேல் ஒரே ஒரு வானிலை நிலையத்தின் ஈரப்பதத் தரவைச் சீர்செய்வதிலேயே போனது. குழுவில் ஒருவர், "அந்த ரெண்டு வருஷத்துல எத்தனை பேப்பர்?" என்று கேட்டார். "ஒண்ணு" என்றாள். அடுத்த கேள்விக்குப் போய்விட்டார்கள். அந்த ஒன்றுக்குப் பின்னால் என்ன இருந்தது என்று யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் அவள் சொல்லியிருக்கக்கூடியதை நான் இங்கே சொல்லிவிடுகிறேன்.

அவள் கையில் இருந்தது ஏறத்தாழ நாற்பது ஆண்டுகளின் ஈரப்பதப் பதிவு. வரைபடமாகப் போட்டுப் பார்த்தால் மெல்ல ஏறிக்கொண்டே போகிற கோடு. காற்று ஆண்டுக்காண்டு ஈரமாகி வருகிறது என்று சொல்லத் தோன்றும். வெப்பம் ஒரு டிகிரி செல்சியஸ் கூடினால் காற்று ஏறக்குறைய 7 சதவீதம் கூடுதல் நீராவியைத் தாங்கும் என்பது நமக்கெல்லாம் தெரிந்த இயற்பியல்தான். எனவே ஏறும் கோட்டைப் பார்த்தால் மனம் சட்டென்று ஏற்றுக்கொள்ளும். அவள் ஏற்றுக்கொள்ளவில்லை. மாதச் சராசரியை விட்டுவிட்டு ஒவ்வொரு நாளையும் எடுத்து வரைந்தாள். கோட்டின் முகமே மாறிவிட்டது. பல வாரங்கள் மெதுவாக ஏறும், ஒரே நாளில் பொத்தென்று விழும், மறுபடி மெதுவாக ஏறும். ரம்பத்தின் பல் மாதிரி. காற்று அப்படி நடந்துகொள்வதில்லை.

நிலையத்தின் பழைய பொருட்கள் அடுக்கியிருந்த அறையில், அந்தக் காலப் பதிவாளர்கள் கையால் எழுதிய நோட்டுப் புத்தகங்கள் இருந்தன. அவற்றில் ஒன்றைப் புரட்டியபோது ஒரு வரி: "ஈரக்குமிழ்த் துணி மாற்றப்பட்டது. பழையது அழுக்கேறிக் கெட்டியாக இருந்தது." அந்தத் தேதியும் வரைபடத்தில் கோடு விழுந்த தேதியும் ஒன்று.

இரண்டு வெப்பமானிகளை அருகருகே தொங்கவிட்டு, ஒன்றின் குமிழில் மெல்லிய ஈரத்துணி சுற்றி, இரண்டும் காட்டும் வித்தியாசத்திலிருந்து ஈரப்பதம் கணக்கிடும் பழைய முறை உங்களுக்குத் தெரியும். துணி சுத்தமாக இருந்தால் நீர் நன்றாக ஆவியாகும், குமிழ் குளிரும். தூசியும் உப்பும் படியப் படிய ஆவியாவது குறையும், குளிர்ச்சி குறையும், இரண்டு வெப்பமானிகளும் ஒன்றையொன்று நெருங்கும். கணக்கில் அது கூடுதல் ஈரப்பதமாக வந்து உட்காரும். துணியை மாற்றிய அன்று உண்மை திரும்பி வரும். ஆரம்ப ஆண்டுகளில் இருந்த பதிவாளர் துணியை அடிக்கடி மாற்றியிருக்கிறார். பின்னால் வந்தவர்களின் காலத்தில் இடைவெளி நீண்டிருக்கிறது. அந்த நிலையத்தில் நாம் பார்த்த ஏற்றத்தின் பெரும்பகுதி, மாற்றப்படாமல் கிடந்த துணியின் அழுக்கு.

இதைக் கண்டுபிடித்ததோடு வேலை முடியவில்லை. ஒவ்வொரு நோட்டையும் படித்து, துணி மாற்றிய நாளையெல்லாம் கையால் கணினியில் ஏற்றி, எழுதாமல் விட்டுப்போன இடங்களைத் தரவின் போக்கிலிருந்தே ஊகித்து, அந்த ஊகத்தில் எவ்வளவு பிழை இருக்கலாம் என்பதையும் கணக்கிட்டு முடித்தாள். இரண்டு ஆண்டுகள் ஆனது அதற்குத்தான். ஒரு பேப்பர். இனி அந்த நிலையத்தின் தரவைத் தொடுகிற ஒவ்வொருவரும் அவள் போட்ட அடித்தளத்தின் மேல்தான் நிற்பார்கள்.

இந்த வேலையை "டேட்டா கிளீனிங்" என்று ஒற்றை வார்த்தையில் ஒதுக்கிவிடுகிறோம். இதுதான் நம் துறையின் ஆய்வு என்று நான் சொல்கிறேன்.

துறையின் வரலாறும் அதையே சொல்கிறது. லூயிஸ் ஃப்ரை ரிச்சர்ட்சனை நாம் எல்லோரும் முதல் வகுப்பிலேயே மாணவர்களுக்கு அறிமுகப்படுத்துகிறோம். முதல் உலகப் போரில் ஆம்புலன்ஸ் பிரிவில் பணியாற்றியபடியே கையால் கணக்குப் போட்டு, 1910 மே 20ஆம் தேதியின் வானிலையை ஆறு மணி நேரத்துக்கு முன்கணிக்க முயன்றவர். 1922இல் அதை வெளியிட்டார். ஆறு மணி நேரத்தில் காற்றழுத்தம் 145 ஹெக்டோபாஸ்கல் (அழுத்தத்தின் அலகு) மாறும் என்று அவர் கணக்கு சொன்னது. உண்மையில் அழுத்தம் ஏறக்குறைய அசையவே இல்லை. அடிப்படையில் அவர் சமன்பாடுகள் சரியாகவே இருந்தன. தொடக்கத்தில் கொடுத்த தரவில், காற்றும் அழுத்தமும் ஒன்றோடொன்று பொருந்தாமல் இருந்ததுதான் சிக்கல். பிற்காலத்தில் அதே கணக்கை, தொடக்கத் தரவைச் சமன்படுத்திவிட்டுத் திரும்பப் போட்டபோது பொருத்தமான விடை வந்தது. இந்தக் கதையை நாம் கணினி வருவதற்கு முந்தைய வீரமுயற்சியாக மட்டும் சொல்லிவிட்டு, 1950இல் வானிலையியலாளர் சார்னியின் குழுவினர் எனியாக் என்ற ஆரம்பகால மின்னணுக் கணினியில் செய்த முன்கணிப்புக்குத் தாவிவிடுகிறோம். தொடக்கத் தரவு கெட்டால் என்ன ஆகும் என்பதற்கு இதைவிடப் பெரிய பாடம் நம்மிடம் இல்லை. அந்த இடத்தில் நாம் நிற்பதே இல்லை.

ஓசோன் கதையும் அப்படித்தான். அன்டார்க்டிகாவின் ஹாலி தளத்தில் 1950களின் நடுவில் தொடங்கி, டாப்சன் கருவியால் ஓசோனை அளந்துகொண்டே வந்தார்கள். டாப்சன் கருவி 1920களில் உருவான வடிவம். பல ஆண்டுகள் சொல்லிக்கொள்ளும்படி எதுவும் நடக்கவில்லை. அந்த எதுவும் நடக்காத ஆண்டுகளில் யாராவது ஒரு தேர்வுக் குழு அந்த அளவீட்டாளர்களை அழைத்து "எத்தனை பேப்பர்?" என்று கேட்டிருந்தால் என்ன பதில் வந்திருக்கும்? 1985இல் ஃபார்மன், கார்டினர், ஷாங்க்ளின் மூவரும் வெளியிட்ட கட்டுரைதான் வசந்த காலத்தில் அங்கே ஓசோன் சரிந்து வருவதை உலகுக்குச் சொன்னது. மேலே சுற்றிக்கொண்டிருந்த செயற்கைக்கோளும் அந்தக் குறைந்த அளவுகளைப் பார்க்கத்தான் செய்தது; ஆனால் அவை சந்தேகத்துக்குரியவை என்று குறியிடப்பட்டுக் கிடந்தன. பிறகு திரும்பிப் பார்த்தபோது ஓட்டையின் பரப்பு தெரிந்தது. தரையில் நின்றிருந்த பழைய கருவியின் நீண்ட பதிவு இருந்ததால்தான் "இது கருவிக் கோளாறு அல்ல" என்று அடித்துச் சொல்ல முடிந்தது. இரண்டே ஆண்டுகளில், 1987இல், ஓசோனை அழிக்கும் வேதிப்பொருட்களைக் கட்டுப்படுத்தும் மாண்ட்ரியல் ஒப்பந்தம் கையெழுத்தானது.

சார்லஸ் டேவிட் கீலிங் 1958 மார்ச்சில் ஹவாயின் மௌனா லோவா எரிமலையில் கரியமில வாயுவை அளக்கத் தொடங்கியபோது அளவு ஏறத்தாழ 313 பிபிஎம் (பத்து லட்சத்தில் ஒரு பங்கு என்ற அலகு). இன்று 420ஐத் தாண்டிவிட்டது. இந்த இரண்டு எண்களையும் பள்ளி மாணவர்கள்கூட அறிவார்கள். 1964இல் நிதி வெட்டப்பட்டதால் சில மாதங்கள் அந்த அளவீடே நின்றுபோனதும், இது வழக்கமான கண்காணிப்புதானே, இதில் என்ன புது ஆய்வு என்ற மனப்போக்கோடு அவர் பல ஆண்டுகள் மல்லுக்கட்ட வேண்டியிருந்ததும் அவ்வளவாகப் பேசப்படுவதில்லை. கீலிங் வளைகோட்டின் பெரிய பிரதியைச் சுவரில் மாட்டியிருக்கும் அறைகளில்தான் நாம் நேர்காணல் நடத்துகிறோம். அந்தக் கோட்டை வரைந்தவர் இன்று நம் முன்னால் வந்து உட்கார்ந்தால், அவருடைய மூன்றாவது ஆண்டில் நாம் வேலை கொடுப்போமா?

யார் இந்தத் துறைக்குள் வரலாம் என்பதையும் பேசியாக வேண்டும். விண்ணப்பப் படிவத்தின் முதல் கட்டத்திலேயே பலரை வெளியே நிறுத்திவிடுகிறோம். பால் க்ரட்ஸன் கட்டடப் பொறியியல் படித்தவர். பாலம் கட்டும் பணியில் இருந்தவர். 1959இல் ஸ்டாக்ஹோம் பல்கலைக்கழகத்தின் வானிலையியல் துறைக்குக் கணினி நிரலாளராக வந்து சேர்ந்தார். அதற்கு முன் நிரல் எழுதிய அனுபவம் அவருக்கு இல்லை. வேலை பார்த்துக்கொண்டே பாடங்களைப் படித்து முடித்தார். 1995இல் மோலினா, ரோலண்ட் இருவரோடும் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார். இந்திய இயற்பியலாளர் அன்னா மணி, சி.வி. ராமனின் ஆய்வகத்தில் வைரத்தையும் மாணிக்கத்தையும் ஆராய்ந்து கட்டுரைகள் வெளியிட்டு, ஆய்வேட்டையும் சமர்ப்பித்தார். முதுகலைப் பட்டம் இல்லை என்ற காரணத்தால் அவருக்கு முனைவர் பட்டம் தரவில்லை. பட்டம் இல்லாமலேதான் அவர் வானிலைக் கருவிகளின் பக்கம் வந்தார். ஏறக்குறைய நூறு கருவிகளின் வரைபடங்களைத் தரப்படுத்தினார், ஓசோன் அளக்கும் சோண்டை (பலூனில் கட்டி மேலே அனுப்பும் கருவி) உருவாக்கினார். தவறான அளவீட்டைவிட அளவீடே இல்லாமல் இருப்பது மேல் என்பதில் உறுதியாக இருந்தவர். இந்த இருவரின் விண்ணப்பமும் இன்று நம் இணையப் படிவத்தில் வந்தால், "தகுதிப் பாடம்" என்ற கட்டத்தைத் தாண்டியிருக்காது. நம் நிலையங்களில் இருபது ஆண்டுகளாகக் கருவிகளைக் கழற்றிப் பூட்டிக்கொண்டிருக்கும் தொழில்நுட்பப் பணியாளர்களில் சிலருக்கு, சென்சாரின் குணம் பற்றி நம் பேராசிரியர்களுக்குத் தெரியாத சங்கதிகள் தெரியும். அவர்கள் முனைவர் பட்டத்துக்குப் பதிவு செய்ய ஒரு வழியைத் திறந்து வைத்திருக்கிறோமா?

படிப்பைப் பற்றியும் ஒரு சொல். பாய்ம இயக்கவியல், வெப்ப இயக்கவியல், கதிர்வீச்சுக் கடத்தல், மேக நுண்இயற்பியல், எண்முறைக் கணக்கீடு, புள்ளியியல் என்று நாம் வைத்திருக்கும் பாடங்களில் ஒன்றைக்கூட நான் குறைக்கச் சொல்லமாட்டேன். மாடலின், அதாவது வளிமண்டலத்தைக் கணினியில் கணக்கிடும் நிரலின், உள்ளே ஃபோர்ட்ரான் என்ற பழைய நிரல்மொழி இன்னும் ஓடுகிறது, பகுப்பாய்வுக்குப் பைத்தான் நிரல்மொழி வேண்டும், எல்லாமே தேவைதான். ஆனால் ஒரு கருவியைக்கூடத் தொடாமல் முனைவர் பட்டம் வாங்கிப் போகிறவர்களை நான் ஆண்டுதோறும் பார்க்கிறேன். அவர்களுக்குத் தரவு என்பது சர்வரிலிருந்து இறங்கும் கோப்பு.

நான் முதன்முதலில் பலூன் விட்ட இரவை மறக்கவில்லை. ஹைட்ரஜன் நிரப்பும் அறை என்பதால் நிலைமின்சாரம் வராத பருத்தி உடைதான் போட வேண்டும். பலூன் உப்பி ஆளுயரத்துக்கு நின்று காற்றில் இழுத்தது. வெப்பநிலையையும் ஈரப்பதத்தையும் அளந்து வானொலி வழியே அனுப்பும் ரேடியோசோண்டைத் தரையில் இருந்த கருவியோடு ஒப்பிட்டுச் சரிபார்த்து, நூலில் கட்டி, கையை விட்டோம். நொடிக்கு ஐந்து மீட்டர் வேகத்தில் ஏறியது. உள்ளே ஓடி வந்து திரையைப் பார்த்தால், வெப்பநிலை நொடிக்கு நொடி குறைந்துகொண்டே போய், ஓரிடத்தில் நின்று, பிறகு ஏறத் தொடங்கியது. பாடப்புத்தகத்தில் ஒரு வளைவாகப் படித்த ட்ரோபோபாஸ், உயரே போகப் போகக் குளிர்வது நிற்கும் அந்த எல்லை, என் கண்முன்னே வந்து போனது. ஆனால் அன்றைய பாடம் அதற்கு முன்பே நடந்துவிட்டிருந்தது. சோண்ட் ஒரு மேகத்துக்குள் நுழைந்து வெளியே வந்த பிறகும் ஈரப்பதம் இறங்கவில்லை. பக்கத்தில் நின்ற மூத்த பணியாளர் சொன்னார்: "அது காத்தோட ஈரம் இல்ல, சென்சாரோட ஈரம். மேகத்துல நனைஞ்சிடுச்சு. காயறதுக்கு நேரமாகும்." அந்த ஒரு வாக்கியத்தை எந்தப் பாடத்திலும் நான் படித்திருக்கவில்லை. முப்பது கிலோமீட்டர் உயரத்தில் பலூன் வெடிக்கும்வரை நூறு நிமிடம் போல அந்தத் திரை முன்னால் இருந்தோம். அன்றிலிருந்து எந்தத் தரவைப் பார்த்தாலும், இது காற்றின் ஈரமா சென்சாரின் ஈரமா என்றுதான் முதலில் கேட்கத் தோன்றும். என் மாணவி நாற்பது ஆண்டுப் பதிவைச் சந்தேகப்பட்டதும் அதே கேள்வியால்தான். முனைவர் படிப்பின் முதல் ஆண்டில் ஒரு பருவமாவது களத்தில் கருவியோடு இருக்க வேண்டும் என்பதை விதியாகவே வைத்துவிடலாம்.

இப்போது வரும் மாணவர்கள் பலர் செயற்கை நுண்ணறிவில் வேலை செய்யக் கேட்கிறார்கள். கேட்கட்டும். 2023இல் வெளியான கிராஃப்காஸ்ட், பாங்கு-வெதர் போன்ற செயற்கை நுண்ணறிவு மாடல்கள் பத்து நாள் முன்கணிப்பைச் சில நிமிடங்களுக்குள் தந்துவிடுகின்றன. ஆனால் அவை எதைப் படித்து வளர்ந்தன? 1940இலிருந்து ஒவ்வொரு மணி நேரத்துக்கும் வளிமண்டலத்தின் நிலையைத் திரும்பக் கட்டித்தரும் இஆர்ஏ5 மறுபகுப்பாய்வின் பல பத்தாண்டுத் தரவை. அதற்குள் இருப்பது பலூன் விட்டவர்கள், கப்பலில் அழுத்தம் குறித்தவர்கள், செயற்கைக்கோள் சென்சாரைச் சரிபார்த்தவர்கள் ஆகியோரின் உழைப்பு. மிகப் புதிய முறை மிகப் பழைய நோட்டுகளைத் தின்றுதான் வளர்கிறது. ஆனால் புதிய முறைக்கு நிரந்தரப் பணி அறிவிக்கிறோம். நோட்டுகளைப் பார்த்துக்கொள்கிறவருக்கு ஓராண்டு ஒப்பந்தம் தருகிறோம்.

அந்த ஒப்பந்தக் காலம்தான் என்னை அதிகம் வருத்துகிறது. பசிபிக் கடல் வழக்கத்தைவிடச் சூடாகும் எல் நினோவின் ஒரு சுழற்சி வந்து போகவே இரண்டிலிருந்து ஏழு ஆண்டுகள் ஆகும். ஒரு காலநிலைப் போக்கைப் பற்றி வாய்திறக்க முப்பது ஆண்டுத் தரவு வேண்டும் என்று நாமே வகுப்பில் சொல்கிறோம். பிறகு ஓர் ஆய்வாளரை அழைத்து, இரண்டு ஆண்டுக்குள் உன்னை நிரூபி, அதற்குள் அடுத்த இடத்துக்கும் விண்ணப்பித்துக்கொள் என்கிறோம். புத்திசாலிப் பிள்ளை என்ன செய்யும்? இரண்டு ஆண்டில் முடிகிற கேள்வியைத்தான் எடுக்கும். யாரோ அளந்த தரவை எடுத்து, யாரோ எழுதிய மாடலை ஓட்டி, ஓராண்டில் கட்டுரையை முடிக்கும். அதில் தப்பு சொல்ல எனக்கு வாய் வரவில்லை. வீட்டு வாடகையும் பெற்றோரின் மருத்துவச் செலவும் அவர்களுக்கும் இருக்கிறது. என்னோடு படித்தவர்களில் அளவீட்டில் கைதேர்ந்த இருவர் மூன்றாவது ஒப்பந்தம் முடிந்ததும் துறையை விட்டே போய்விட்டார்கள். ஒருவர் காற்றாலை நிறுவனத்துக்கு, இன்னொருவர் காப்பீட்டுத் துறைக்கு. அங்கே அவர்கள் நன்றாகவே இருக்கிறார்கள். அது தோல்வி அல்ல. ஆனால் அவர்கள் பார்த்துக்கொண்டிருந்த கருவிகளை அவர்களுக்குப் பிறகு யாரும் அந்த அக்கறையோடு தொடவில்லை. அந்தப் பதிவுகளில் விழுந்த இடைவெளியை இனி யாராலும் நிரப்ப முடியாது. போன வருடத்துக் காற்றைத் திரும்ப அளக்க வழியில்லை.

எனவே உங்களிடம் நான் கேட்பது இது. அடுத்த நேர்காணலில் எந்த விண்ணப்பதாரராக இருந்தாலும், மாடல் ஓட்டுகிறவராகவே இருந்தாலும், "இந்தத் தரவை யார் எடுத்தார்கள், கருவி எப்போது மாறியது, நீங்கள் எதைச் சந்தேகப்பட்டீர்கள்?" என்று ஒரு கேள்வி கேளுங்கள். அதற்கும் மதிப்பெண் போடுங்கள். சரிபார்த்து வெளியிட்ட தரவுத் தொகுப்பை ஒரு முழு ஆய்வுக் கட்டுரைக்குச் சமமாக எண்ணுங்கள். அதைப் பின்னால் எத்தனை பேர் பயன்படுத்தினார்கள் என்று பாருங்கள். அளவீட்டுப் பணிக்கான ஒப்பந்தத்தை ஐந்து ஆண்டுக்குக் குறையாமல் போடுங்கள். நிதி குறைவு என்பது எனக்குத் தெரியும். ஒரு புதிய கருவி வாங்க ஒப்புதல் தரும்போதே, அதைப் பத்து ஆண்டு பார்த்துக்கொள்ள ஒரு மனிதருக்கும் சேர்த்து ஒப்புதல் தாருங்கள். முடியாவிட்டால் அந்தக் கருவியை வாங்காதீர்கள். ஆளில்லாத கருவி சில ஆண்டுகளில் பொய் சொல்ல ஆரம்பிக்கும். அந்தப் பொய்யைக் கண்டுபிடிக்க இன்னொருத்தி இரண்டு ஆண்டு செலவழிக்க வேண்டியிருக்கும்.

என் மாணவிக்கு அந்த வேலை கிடைக்கவில்லை. இப்போது என் திட்டத்திலேயே, மார்ச் மாதத்தோடு முடிகிற ஒரு தற்காலிகப் பணியில் இருக்கிறாள். பக்கத்து நிலையத்தின் நோட்டுகளையும் எடுத்து வந்துவிட்டாள். அவற்றில் பதினொன்று இன்னும் பிரிக்கப்படாமல் இருக்கின்றன. சில பக்கங்கள் ஒன்றோடொன்று ஒட்டிப்போயிருப்பதால் மெல்லிய எலும்புக் கத்தியால் ஒவ்வொன்றாகப் பிரித்துப் படம் எடுக்கிறாள். ஒரு நாளைக்கு நாற்பது பக்கம் ஆகிறது. மார்ச்சுக்குள் முடியாது என்று அவளுக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

உங்கள் அடுத்த நேர்காணல் பட்டியலில் அவள் பெயர் இருக்கிறது. வரும்போது அந்த நோட்டுகளில் ஒன்றைக் கையில் எடுத்து வரச் சொல்லியிருக்கிறேன். தயவுசெய்து கேட்டு வாங்கிப் பாருங்கள்.

அன்புடனும் மரியாதையுடனும்,
உங்கள் துறையைச் சேர்ந்த ஒரு நெறியாளர்